ஆற்றின் வழியும் மிதிவண்டியின் வழியும்
கொல்லிமலைச் சாலையைக் கொண்டு சரிவைக் கற்பித்தல்

எடப்புளி நாட்டைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், ஆறுகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு கீழேதானே சார் போகுது? அது போற வழியிலயே ரோடு போட்டிருந்தா, சைக்கிள்ல மிதிக்காமலே ஊருக்குப் போயிடலாமே?" அவருடைய அண்ணனுக்கு அந்த ஆண்டுதான் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி கிடைத்திருந்தது. வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. ஆனால் சிரித்தவர்களில் யாராலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை.

புவியியல், கணிதம், அறிவியல் ஆகிய மூன்று பாடங்களும் சந்திக்கும் கேள்வி இது. மலையில் வாழும் குழந்தைக்கு இது உயிர் காக்கும் கேள்வியும்கூட. சரிவை அளக்கத் தெரிந்த மாணவர், எந்த இடத்தில் மிதிவண்டியை ஓட்டலாம், எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும், எந்த இடத்தில் பிரேக்கை நம்பக்கூடாது என்பதைத் தாமே முடிவு செய்வார். இந்தக் கட்டுரை அக்கேள்வியை மையமாகக் கொண்டு ஐந்து செயல்பாடுகளை முன்வைக்கிறது. நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, அவரவர் நிலைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கற்றல் விளைவுகள்

இச்செயல்பாடுகளின் முடிவில் மாணவர்கள்,
• தம் ஊர்ப் பாதையைக் குறியீடுகளுடன் வரைபடமாக வரைவர்.
• ஒரு சாலையின் சரிவை அளந்து சதவீதத்தில் கூறுவர்.
• மலைச்சாலைகள் வளைந்து செல்வதற்கான காரணத்தைக் கணக்கிட்டு விளக்குவர்.
• ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் ஆற்றல் மாற்றத்தை விளக்குவர்.
• சரிவுக்கேற்ற பாதுகாப்பான மிதிவண்டிப் பயண முறையைப் பின்பற்றுவர்.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. இதன் மேற்பகுதி கூர்மையான சிகரமாக இல்லாமல் மேடும் பள்ளமுமான பரந்த நிலமாக விரிந்துள்ளது. பள்ளங்களில் ஓடைகளை ஒட்டி நெல் வயல்கள், சரிவுகளில் மரவள்ளியும் சாமை, தினை போன்ற சிறுதானியங்களும், மரநிழலில் மிளகும் காப்பியும் விளைகின்றன. மலையின் ஊர்கள் 'நாடு' என்னும் பிரிவுகளாக அமைந்துள்ளன. எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று.

மலையில் தோன்றும் அய்யாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவியாகச் சுமார் 300 அடி விழுகிறது. பின்னர்ப் பாறைகள் நிறைந்த பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் புளியஞ்சோலையில் அடிவாரத்தை அடைகிறது. அருவிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். அந்த வழியில் கால்நடையாகத்தான் போகலாம்.

சாலையோ வேறு பக்கத்தில் ஏறுகிறது. நாமக்கல் பக்கத்து அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டுள்ளது. ஒரே மலையிலிருந்து ஆறு ஒரு பக்கமாக இறங்குகிறது, சாலை மறுபக்கமாக இறங்குகிறது. ஏன் என்பதே நம் பாடம்.

செயல்பாடு 1: என் வழி
(4, 5ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை)

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு மாணவரும் வரையட்டும். கோயில், கடை, பாலம், பெரிய மரம், ஓடை ஆகியவற்றுக்கு வகுப்பே கூடிப் பேசிக் குறியீடுகளை முடிவு செய்யலாம். அடுத்து, மூன்று வண்ணங்களைக் கொடுங்கள். மேடேறும் இடத்துக்குச் சிவப்பு, இறங்கும் இடத்துக்கு நீலம், சமமான இடத்துக்குப் பச்சை.

வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும்போது இந்த வண்ணங்கள் என்ன ஆகும்?" சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் மாறும் என்பதை மாணவர்கள் கண்டறிவார்கள். மேடும் பள்ளமும் ஒரே நிலம்தான், நாம் செல்லும் திசைதான் மாறுகிறது என்ற புரிதல் இந்த வயதில் கிடைத்துவிட்டால், பிற்காலத்தில் நேர்ச்சாய்வும் எதிர்ச்சாய்வும் அவர்களுக்குப் புதிராக இருக்காது.

ஓடைகளை அம்புக்குறியுடன் வரையச் சொல்லுங்கள். நீர் செல்லும் திசையில் அம்பு காட்ட வேண்டும். ஓடைக்கு அருகிலேயே செல்லும் பாதைகள் பெரும்பாலும் பச்சையாகவும், ஓடையை விட்டு விலகும் பாதைகள் சிவப்பாகவும் இருப்பதைச் சில மாணவர்களாவது கவனிப்பார்கள். கவனிக்காவிட்டால், ஆசிரியர் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டலாம்.

செயல்பாடு 2: குச்சியால் சரிவை அளத்தல்
(6, 7, 8ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை)

தேவையான பொருள்கள்: சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டம், கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம், அளவுகோல். ரசமட்டம் கிடைக்காவிட்டால், பாதியளவு தண்ணீர் நிரப்பிய, பக்கங்கள் நேரான ஒளிபுகும் சிறிய பாட்டிலைச் சட்டத்தின்மேல் படுக்கவைத்து, நீர்மட்டம் சட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

முறை: சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் தரையில் ஊன்ற வேண்டும். சரிவு இறங்கும் திசையில் உள்ள மறுமுனையை, ரசமட்டம் சமநிலையைக் காட்டும் வரை உயர்த்த வேண்டும். இப்போது அந்த முனைக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு மீட்டர் என்பது 100 சென்டிமீட்டர். எனவே இடைவெளி 6 சென்டிமீட்டர் என்றால் சரிவு 6 சதவீதம். வேறு கணக்கே தேவையில்லை. சதவீதம் என்றால் 'நூற்றுக்கு' என்ற பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி கிடைப்பது அரிது.

முதலில் பள்ளியின் சாய்தளத்தை அளக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக்கூடாது என்பது பொதுவான அளவு. அதாவது சுமார் 8.3 சதவீதம். நம் பள்ளிச் சாய்தளம் இந்த அளவுக்குள் இருக்கிறதா? இல்லையென்றால், மாணவர்கள் தங்கள் அளவீடுகளுடன் தலைமை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். மொழிப்பாடத்துக்கும் அது பயிற்சியாகும்.

பிறகு பள்ளிக்கு அருகிலுள்ள, வாகனப் போக்குவரத்து இல்லாத ஒரு பாதையில் ஐந்து இடங்களில் அளந்து சராசரி காணலாம். அளப்பதற்கு முன்பு ஊகித்து எழுதச் செய்வது முக்கியம். மாணவர்கள் வழக்கமாக 30, 40 என்று எழுதுவார்கள். அளந்தால் 5 அல்லது 8 வரும். சரிவு கண்ணுக்குத் தோன்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதும், அந்தக் குறைந்த சரிவே நம்மை மூச்சுவாங்க வைக்கிறது என்பதும் அவர்களுக்கு வியப்பளிக்கும்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்த வேண்டும். 100 சதவீதச் சரிவு என்றால் செங்குத்துச் சுவர் என்று பல மாணவர்கள் எண்ணுகின்றனர். 100 மீட்டர் கிடைமட்டமாகச் செல்லும்போது 100 மீட்டர் உயர்ந்தால் கிடைக்கும் கோணம் 45 பாகைதான். பத்தாம் வகுப்பு மாணவர்கள் முக்கோணவியல் அட்டவணையைக் கொண்டு, 5 சதவீதம் என்பது ஏறத்தாழ 2.9 பாகை என்றும் 10 சதவீதம் என்பது ஏறத்தாழ 5.7 பாகை என்றும் கண்டறியலாம்.

செயல்பாடு 3: மலையைக் காகிதத்தில் ஏறுதல்
(8, 9, 10ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை)

இந்திய நில அளவைத் துறையின் 1 : 50,000 அளவையுள்ள தலப்படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 1 கிலோமீட்டர். அடுத்தடுத்த சம உயரக் கோடுகளுக்கிடையே 20 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்தான சரிவு, விலகினால் மென்மையான சரிவு என்பதை நாம் பாடத்தில் சொல்கிறோம். அதை எண்ணாக மாற்றிக் காட்டலாம். படத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகள் இருந்தால், 500 மீட்டர் தொலைவில் 100 மீட்டர் உயர்வு. சரிவு 20 சதவீதம்.

இப்போது சாலைக் கணக்குக்கு வருவோம். கணக்கிற்காக, அடிவாரத்துக்கும் மேல்நிலத்துக்கும் உயர வேறுபாடு 900 மீட்டர் என்றும், இரண்டுக்கும் இடையே கிடைமட்டத் தொலைவு 3 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சாலையை நேராகப் போட்டால் சரிவு என்ன?

900 ÷ 3000 = 0.30. அதாவது 30 சதவீதம். பேருந்தும் சரக்கு லாரியும் இதில் ஏற முடியாது.

சரிவு 5 சதவீதமாக இருக்க வேண்டுமானால் சாலை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

900 ÷ 0.05 = 18,000 மீட்டர். அதாவது 18 கிலோமீட்டர்.

இங்கே நிறுத்திவிட்டு மாணவர்களிடம் ஒரு 18 சென்டிமீட்டர் நூலையும், 3 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டம் வரைந்த ஒரு தாளையும் கொடுங்கள். நூல் முழுவதும் அந்தக் கட்டத்தின் அடிக்கோட்டில் தொடங்கி மேல்கோட்டில் முடிய வேண்டும். எந்த இடத்திலும் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. யாரும் சொல்லித் தராமலே மாணவர்கள் நூலை இடமும் வலமுமாக மடிப்பார்கள். அந்த மடிப்புகளே கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளிச் சாலையின் 70 வளைவுகளும் 'சரிவைக் குறைக்க நீளத்தைக் கூட்டு' என்ற கணக்கின் விடையே.

இனி அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்பலாம். ஆறு ஏன் மடியவில்லை? நீருக்குப் பேருந்தைப்போல ஏற வேண்டிய தேவை இல்லை. அது கிடைக்கும் மிகத் தாழ்வான இடத்தை நோக்கி இறங்குகிறது. பாறை விளிம்பு வந்தால் அருவியாக விழுகிறது. மலைப்பகுதியில் ஆறு பக்கவாட்டில் அரிப்பதைவிடக் கீழ்நோக்கி அதிகம் அரிப்பதால் 'வி' வடிவப் பள்ளத்தாக்கு உருவாகிறது. அங்கே ஆற்றின் இரு பக்கமும் சாலைக்குத் தேவையான சமநிலம் கிடைப்பதில்லை. ஆகாயகங்கையின் 300 அடி வீழ்ச்சியை மிதிவண்டியால் பின்தொடர முடியாது. எனவே சாலை தன் போக்கில் வேறு பக்கம் தேடிக்கொண்டது.

ஆனால் மாணவியின் எண்ணம் முழுவதும் தவறு என்று சொல்லிவிடக்கூடாது. ஆற்றோடு சேர்ந்தே செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதைகள் உலகில் உண்டு. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டானூப் ஆற்றங்கரையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையில் ஆண்டுதோறும் ஏராளமானோர் மிதிவண்டியில் செல்கின்றனர். அதன் பல பகுதிகள், முற்காலத்தில் ஆற்றின் நீரோட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைப்பாதைகள். அவ்வளவு தொலைவுக்கும் ஆறு இறங்குவது சுமார் 150 மீட்டர் அளவுதான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர். அதனால்தான் சிறுவர்களும் முதியோரும்கூட அங்கே எளிதாக ஓட்ட முடிகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலைச்சாலை. 'தூர் த பிரான்ஸ்' மிதிவண்டிப் பந்தயம் 1952இல் முதன்முதலாக இங்கே ஏறியது. 21 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 13.8 கிலோமீட்டர் நீளம், சராசரியாக 8 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட சரிவு. அங்கும் வளைவுகளுக்கு எண் உண்டு. இந்த விவரங்களைக் கொண்டு அச்சாலையின் உயர வேறுபாட்டை மாணவர்கள் கணக்கிடட்டும். 1100 மீட்டருக்கு மேல் வரும். நம் மலைச்சாலையில் வளைவுகள் மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதை அறியும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தையும் பாடத்தின் பயனாகவே கொள்ளலாம்.

ஆற்றின் இளநிலை, முதிர்நிலை, மூப்பு நிலை என்ற பாடப்பகுதியை இங்கே இணைக்கலாம். ஆற்றங்கரை மிதிவண்டிப் பாதைக்கு ஏற்றது எந்த நிலை என்று கேட்டால் மாணவர்களே விடை சொல்வார்கள். அய்யாற்றின் ஓரமாக மிதிவண்டி ஓட்ட வேண்டுமானால், புளியஞ்சோலைக்குக் கீழே சமவெளியில் ஓட்டலாம், அல்லது மலைமேல் ஓடைகள் நிதானமாக ஓடும் வயல்வெளிகளில் ஓட்டலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதி ஆற்றுக்கு மட்டுமே உரியது.

செயல்பாடு 4: வளைவின் உள்ளும் புறமும்
(8, 9, 10ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை, விளையாட்டுத் திடல்)

கயிறும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு, ஒரே மையத்திலிருந்து 5 மீட்டர் ஆரத்திலும் 10 மீட்டர் ஆரத்திலும் இரண்டு அரைவட்டங்கள் வரையுங்கள். இது ஒரு கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒருவர் உள்விளிம்பிலும் மற்றவர் வெளிவிளிம்பிலும் நடந்து அடிகளை எண்ணட்டும். வெளியே நடந்தவரின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். கணக்கிட்டால் 15.7 மீட்டரும் 31.4 மீட்டரும்.

இந்த வளைவில் சாலை 1.5 மீட்டர் உயர்வதாகக் கொள்வோம். உள்விளிம்பில் செல்பவர் 15.7 மீட்டரிலும், வெளிவிளிம்பில் செல்பவர் 31.4 மீட்டரிலும் அதே 1.5 மீட்டர் ஏற வேண்டும். உள்விளிம்பின் சரிவு சுமார் 9.5 சதவீதம், வெளிவிளிம்பின் சரிவு சுமார் 4.8 சதவீதம். ஒரே வளைவில் இரண்டு மலைகள்!

நம் நாட்டில் இடப்பக்கம் செல்வது விதி. எனவே மேலேறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நாம் உள்விளிம்பில், அதாவது செங்குத்தான பகுதியில் இருப்போம். வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மென்மையான பகுதி கிடைக்கும். சரிவைத் தவிர்ப்பதற்காக எதிர்ப்பக்கம் செல்வது எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தின் ஓட்டுநருக்கு நம்மைத் தெரியாது. கடினமான வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரியான விடை என்பதை மாணவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

செயல்பாடு 5: மிதிப்பதும் பிடிப்பதும்
(9, 10ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை)

பள்ளிக்கு வரும் ஒரு மிதிவண்டியை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். பெடலுடன் இணைந்த பெரிய பல்சக்கரத்தின் பற்களையும், பின்சக்கரத்திலுள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களையும் மாணவர்கள் எண்ணட்டும். எடுத்துக்காட்டாக 44, 18 என்று வந்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் சுமார் 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர் என்றால், பெடல் ஒரு சுற்றில் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். அதே ஒரு சுற்றில் பாதம் நகரும் தொலைவு சுமார் 1.07 மீட்டர்தான் (பெடல் தண்டின் நீளம் 17 சென்டிமீட்டர்). அதாவது இந்த எந்திரத்தில் தொலைவு லாபம், விசை நட்டம்.

42 கிலோகிராம் எடையுள்ள மாணவரும் 18 கிலோகிராம் எடையுள்ள வண்டியும் சேர்ந்து 60 கிலோகிராம். உராய்வைக் கணக்கில் கொள்ளாமல், சரிவில் ஏறத் தேவையான விசையைக் காண்போம்.

5 சதவீதச் சரிவில்: 60 × 9.8 × 0.05 = சுமார் 29 நியூட்டன். பெடலில் கொடுக்க வேண்டிய சராசரி விசை சுமார் 137 நியூட்டன். இது 14 கிலோகிராம் எடைக்குச் சமம்.

10 சதவீதச் சரிவில்: இரு மடங்கு. அதாவது 28 கிலோகிராம் எடைக்குச் சமமான சராசரி விசை. பெடல் உச்சியையும் அடியையும் கடக்கும்போது கால் கீழ்நோக்கி அழுத்துவதால் பயனில்லை. எனவே உண்மையில் கால் அழுத்த வேண்டிய விசை இதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அது அந்த மாணவரின் முழு உடல் எடைக்கு அருகில் வந்துவிடும்.

இந்தக் கணக்கை முடித்ததும் வகுப்பில் ஓர் அமைதி வரும். "என்னால ஏற முடியல, எனக்குத் தெம்பில்ல" என்று நினைத்திருந்த குழந்தைக்கு, குறை அவரிடத்தில் இல்லை, கியர் இல்லாத வண்டிக்கும் 10 சதவீதச் சரிவுக்கும் உள்ள பொருத்தமின்மை என்பது புரியும். இறங்கித் தள்ளுவது தோல்வி அல்ல என்பதைக் கணிதமே சொல்லும்போது, அறிவுரையைவிட அது ஆழமாகப் பதிகிறது.

அடுத்து இறக்கம். 900 மீட்டர் உயரத்தில் அந்த 60 கிலோகிராமின் நிலையாற்றல்: 60 × 9.8 × 900 = 5,29,200 ஜூல். அடிவாரத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அப்படியானால் இந்த ஆற்றல் எங்கே போயிற்று? காற்றைத் தள்ளுவதில் ஒரு பகுதி, மீதியில் பெரும்பகுதி பிரேக் கட்டைக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே வெப்பமாக. இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 20 டிகிரி செல்சியஸில் உள்ள சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கட்டைவிரல் அளவுள்ள ரப்பர் கட்டைகளிடம் நாம் இவ்வளவு வேலை வாங்குகிறோம். அவை தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்று மாணவர்கள் பேசட்டும்.

பிரேக் பிடிக்காமல் இறங்கினால்? உராய்வு இல்லை என்று கொண்டால், வெறும் 10 மீட்டர் உயரம் இறங்கியதும் (5 சதவீதச் சரிவில் 200 மீட்டர் சாலை) வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் ஆகும். உண்மையில் காற்றின் தடையால் சற்றுக் குறையும். இந்த வேகம் எடையைச் சார்ந்ததல்ல. பின்னால் ஒருவரை ஏற்றினாலும் அதே வேகம்தான். ஆனால் நிறுத்துவதற்குப் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

வேகம் இரு மடங்கானால், நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்கு. சமதரையில் பிரேக்கின் எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 3 மீட்டர் என வைத்துக்கொண்டால், நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் செல்பவர் சுமார் 8 மீட்டரில் நிற்பார். 14 மீட்டர் வேகத்தில் செல்பவருக்குச் சுமார் 33 மீட்டர் வேண்டும். இந்த இரு தொலைவுகளையும் திடலில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, மாணவர்களை அருகே நிற்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதிய எண்ணைவிடக் கண்ணால் பார்த்த இடைவெளி மனதில் நிற்கும்.

பாதுகாப்பு: ஆசிரியர் கவனத்திற்கு

மேற்கண்ட செயல்பாடுகள் அனைத்தும் வகுப்பறையிலும் திடலிலும் பள்ளிக்கு அருகிலுள்ள அமைதியான பாதையிலும் நடத்தவேண்டியவை. எந்தக் காரணத்தைக் கொண்டும் மாணவர்களை மலைச்சாலையில் அளவீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். பாடத்தின் நிறைவாக, பின்வரும் சோதனைப் பட்டியலை மாணவர்களே எழுதி மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஒட்டலாம்.

• புறப்படும் முன் இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரம் உருண்டால் அன்று இறக்கத்தில் ஓட்டக்கூடாது.
• வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பின் திடீரென்று பிடிக்கக்கூடாது.
• மழையில் சக்கர விளிம்பு நனைந்திருந்தால் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். இறக்கங்களில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.
• குறுகிய மலைப்பாதையில் மேலேறி வரும் வாகனத்துக்குக் கீழிறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மிதிவண்டிக்கும் இதுவே நல்ல பழக்கம்.
• இறக்கத்தில் பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது.

சமவெளிப் பள்ளிகளில்

மலை இல்லாத ஊர்களில் இப்பாடத்தை நடத்த முடியாது என்று எண்ண வேண்டியதில்லை. ரயில்வே மேம்பாலத்தின் அணுகுசாலையின் நீளத்தையும் உயரத்தையும் மதிப்பிட்டு அதன் சரிவைக் கணக்கிடலாம். ஏரிக்கரையின் சரிவைச் சட்டத்தாலும் ரசமட்டத்தாலும் நேரடியாகவே அளக்கலாம். காவிரிப் படுகையின் வாய்க்கால் கரைகளில் மிதிவண்டி ஓட்டும் குழந்தைகள், தங்கள் பாதை ஏன் இவ்வளவு எளிது என்பதற்கான விடையை நீரோட்டத்தின் நிதானத்தில் காணலாம். ஒரு மலைப்பள்ளியும் ஒரு சமவெளிப் பள்ளியும் தங்கள் பாதைகளின் சரிவு அட்டவணைகளைக் கடிதம் மூலம் பரிமாறிக்கொண்டால் இன்னும் சிறப்பு.

மதிப்பீடு

1. உன் ஊரின் மிகச் செங்குத்தான பாதை எது? அதன் சரிவை அளந்து எழுதுக. (தொடக்கநிலை மாணவர்கள் படமாக வரையலாம்.)
2. 600 மீட்டர் உயரமுள்ள மலைக்கு 6 சதவீதச் சரிவுடன் சாலை அமைக்க எவ்வளவு நீளம் வேண்டும்?
3. அய்யாறு செல்லும் வழியிலேயே சாலை அமைக்கப்படாததற்கு இரண்டு காரணங்கள் கூறுக.
4. புதிதாக மிதிவண்டி பெற்ற நண்பருக்கு, மலைப்பாதையில் கவனிக்க வேண்டியவற்றைக் காரணத்துடன் விளக்கிக் கடிதம் எழுதுக.

நான்காவது வினாவில் 'காரணத்துடன்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். 'மெதுவாகப் போ' என்பது அறிவுரை. 'வேகம் இரு மடங்கானால் நிற்க நான்கு மடங்கு தொலைவு வேண்டும், அதனால் மெதுவாகப் போ' என்பது கற்றல்.

நிறைவாக

மிதிவண்டியைக் கல்வியோடு இணைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் கிராமப்புறப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் அதன் மூலம் தாமே சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவர முடிந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ, மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. வண்டி கைக்கு வருவது பதினோராம் வகுப்பில். அதை எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்ற அறிவு அதற்கு முன்பே வந்துசேர வேண்டும். அது நம் பொறுப்பு.

கேள்வி கேட்ட அந்த மாணவி, நூலை மடித்து வளைவுகள் செய்து முடித்த பிறகு சொன்னார்: "அண்ணன்கிட்ட சொல்லணும் சார், இறக்கத்துல என்னைய பின்னாடி ஏத்தாதேன்னு." அன்றைய பாடம் அவர் வீடு வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.